கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம்

எங்கள் குளியலறைக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாததால், ஐப்பசி இரண்டாம் தேதி காலை ஆறேகாலுக்கு என் கணவரின் பிம்பம் அதைவிட்டுப் போய்விட்டது. பாதிச் சவரம்தான் முடிந்திருந்தது. இவர் இடது கன்னத்தில் நுரையோடு கூடத்துக்கு வந்து, "சம்பூர்ணம், கண்ணாடியில நான் இல்ல" என்றார். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வருஷமா சொல்றேன்" என்றேன்.

உண்மையாகவே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உறையூரில் இந்த அடுக்குமாடியைக் கட்டியவர், ஒவ்வொரு குளியலறையிலும் வெறும் கண்ணாடியைச் சுவரில் சாத்தி, நாலு ஸ்டீல் கிளிப்பை மாட்டிவிட்டுப் போய்விட்டார். சட்டம் இல்லாத கண்ணாடிக்கு ஓரம் ஏது? உள்ளே நிற்கிறவர் ஓர் அடி எடுத்து வைத்தால் வெளியே போய்விடலாம். முதல் மாடியில் ஒரு கணக்கு வாத்தியாருக்கும், இரண்டாம் மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும் இப்படி ஆகியிருக்கிறது. கீழே அறிவிப்புப் பலகையில், தண்ணீர் மோட்டார் போடும் நேரத்துக்கு அடியிலேயே விதி எழுதியிருக்கிறது. போன பிம்பம் ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தெட்டு நாளுக்குள் திரும்பலாம். அதற்கு மேல் போனால் அது நிற்கிற இடத்துக்கே சொந்தம்.

இவர் பெயர் குமரகுருபரன். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அலங்காரம் என்றாலே ஆகாது. சட்டைப் பையில் பேனா வைத்தால்கூட அது வெளியே தெரியக் கூடாது இவருக்கு. கண்ணாடிக்குப் பூவேலை செய்த மரச் சட்டம் ஒன்று போடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், முகம் தெரிந்தால் போதாதா, அதுக்கு எதுக்கு நகைநட்டு என்பார். சொன்னால் கேட்கிற ஆளா இவர்?

கண்ணாடிக்குள் இருக்கிற என்னுடையவள் போகவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும்.

நான் குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். வெந்நீர் ஆவி கண்ணாடியில் படிந்திருந்தது. அதில் உள்பக்கமிருந்து விரலால் எழுதிய ஒரே ஒரு சொல் இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு நேராகத் தெரிவது நமக்குத் திருப்பித் தெரியும் என்பதால், என் கைக்கண்ணாடியை எடுத்து வந்து காட்டிப் படித்தேன். 'போகிறேன்' என்று எழுதியிருந்தது.

அதைப் படித்ததும்தான் ஆத்திரம் போய்ப் பயம் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் 'போயிட்டு வர்றேன்'தான். இவர் முப்பத்தைந்து வருஷம் டிரெயின் டிரெயினாக ஏறி இறங்கியவர், ஒரு நாளும் வாய் தவறிக்கூட 'போகிறேன்' என்று சொன்னதில்லை. உள்ளவர் அப்படி எழுதியிருக்கிறார் என்றால் திரும்புகிற எண்ணம் இல்லை என்று அர்த்தம். (உள்ளவர் என்றுதான் நாங்கள் பிம்பங்களைச் சொல்வது. பேர் சொல்வது மரியாதை இல்லை.)

ஆவி காய்ந்ததும் எழுத்தும் போய்விட்டது. இவரிடம் நான் சொல்லவில்லை.

பிம்பம் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் கண்ணில் படாமல் போவார்கள். முதல் வாரத்தில் பஸ் இவருக்கு நிற்கவில்லை. அடுத்த வாரத்தில் டீக்கடைக்காரர் இவருக்கு முன்னால் இருந்த ஆளுக்கும் பின்னால் இருந்த ஆளுக்கும் டீயைக் கொடுத்துவிட்டுக் கடையைத் துடைத்தார். ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் இவர் நின்ற இடத்திலேயே வந்து நின்றாள். இவர் நகர்ந்து கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ரயில் தாமதத்தைச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்.

பதினோராம் நாள் மத்தியானம் நான் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். மோர் சாதத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு இல்லை. நான் போடவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. "பரவால்ல, நீ சாப்பிடு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்காரன் மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும். நான் மறந்தால் இந்த மனிதருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அன்று சாயங்காலமே உள்ளவரைத் தேடக் கிளம்பிவிட்டேன்.

தேடுவது கஷ்டமில்லை. வெறும் கண்ணாடியைவிட்டுப் போகிறவர்கள் சட்டம் போட்ட கண்ணாடியில்தான் போய் ஒதுங்குவார்கள். கடைவீதியில் பக்கிரிசாமியின் சலூனில் இருக்கிறார் என்று இரண்டு பேர் சொன்னார்கள். பெண்கள் போகிற இடமில்லை அது. ஆனால் பக்கிரிசாமி நல்ல மனிதர். வாங்கம்மா, கடைசி நாற்காலி என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தலைக்குத் தொடர்ந்து முடி வெட்டினார்.

கடைசி நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் எதிரே, மயில் செதுக்கிய பெரிய சட்டத்துக்குள், அதே நாற்காலியில் உள்ளவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளாக இடது கன்னத்து நுரையைத் துடைக்கவில்லை. அது கொஞ்சமும் வாடாமல், அன்று காலை வைத்த மாதிரியே இருந்தது. அவருக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு வாத்தியாரின் உள்ளவர், இன்னும் நான் அறியாத ஏழெட்டுப் பேர். எல்லோரும் அந்த நாலு விளிம்புக்குள் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். கோயில் பிரகாரத்தில் பூஜை முடிந்து உட்கார்ந்திருப்பவர்களைப் போல. நான் கும்பிடாத குறையாக நின்றேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்துக்குச் சத்தம் போகாது என்று தெரியும், இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

உள்ளவர் நிமிர்ந்து பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியருகே வந்து, விரலால் நாலு கோடு வரைந்தார். ஒரு செவ்வகம். பிறகு அதன் மூலையில் மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டே, ஐந்து இதழுள்ள ஒரு பூவை வரைந்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். பூவா? இவரா பூ கேட்கிறார்? வந்து இவரிடம் சொன்னபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவனுக்குப் பிடிக்கும்" என்றார். முப்பத்தேழு வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

பாலக்கரையில் சாமி படங்களுக்கும் கல்யாணப் படங்களுக்கும் சட்டம் போடுகிற இன்னாசிமுத்துவைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். என்ன படம் என்றுகூடக் கேட்காமல், "இருக்காரா, போயாச்சா?" என்றார். வந்த கோபத்தில் கடையையே புரட்டியிருப்பேன். பிறகு அவர் விளக்கினார். போனவர்களுக்கு என்றால் சட்டத்தின் தலையில் மாலை மாட்ட ஆணி அடிப்பாராம், மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கும்படி தொங்கவிடுவாராம். இருக்கிறவர்களுக்கு ஆணி கிடையாது, சுவரோடு ஒட்டி நேராக இருக்கும்.

"இருக்கார். வீட்ல உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிட்டிருக்கார்" என்றேன்.

"அப்போ ஆணி வேண்டாம்" என்று சீட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் வந்து அளந்தார். இரண்டரை அடிக்கு மூன்றடி. தேக்கில் கொடியும் மொட்டுமாகச் செதுக்கிய பீடிங் கட்டையை எடுத்து, நாலு மூலையையும் நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து அறுத்து, கிளிப் இருக்கும் இடங்களில் மட்டும் குடைந்து, கண்ணாடி மேலேயே சிலிக்கான் பசை வைத்து ஒட்டினார். ஈரம் ஏறாமல் இருக்க மூன்று கை வார்னிஷ். அதன் மேல் மொட்டுகளுக்குத் தங்கப் பூச்சு. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, குளியலறைக்கு இது கொஞ்சம் அதிகம் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று முப்பதாவது நாள்.

முப்பத்தோராம் நாள் காலை ஆறேகாலுக்கு நானும் இவரும் கண்ணாடிக்கு முன் நின்றோம். உள்ளவர் வந்தார். என்னுடையவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, புதுச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு சட்டத்துக்கு அடியில் குனிந்து, வாசற்படி தாண்டுகிற மாதிரிக் காலைத் தூக்கி வைத்துத் திரும்பவும் போய்விட்டார்.

இவர் வெளியே வந்து வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளேயே நின்றேன். என்ன குறை கண்டார் இந்த மனிதர் என்று தெரியாமல் விடப்போவதில்லை. கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஓரமாகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

சட்டம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற இடத்தில், அதன் முதுகு உள்ளே தெரிந்தது. பூச்சு இல்லாத வெறும் மரம். ரம்பம் போன கீறல், வழிந்த சிலிக்கான், பென்சிலில் '2½ × 3', அதற்குப் பக்கத்தில் 'ஆணி வேண்டாம்'. நமக்கு எது முதுகோ அதுதானே அந்தப் பக்கத்துக்கு முகம். தங்கம் பூசியதெல்லாம் நாம் பார்க்க. அவருக்கு நாங்கள் காட்டியது இதைத்தான். ஒருவரை விருந்துக்கு வரச்சொல்லி, சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்காரவைத்த மாதிரி எனக்குக் கூசிப்போயிற்று.

இன்னாசிமுத்துவை வரவழைத்து அவரையும் கன்னத்தை ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாக எல்லாப் படத்துக்கும் முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடிக்கொண்டிருந்தேன் என்றார். எத்தனை வீட்டுக் கண்ணாடிக்கு இப்படி முதுகைக் காட்டியிருக்கேன் என்றார். சட்டத்தை நூல் போட்டு அறுத்து எடுத்தார். முன்பக்கத்தை இழைப்புளியால் சீவித் தட்டையாக்கினார். முதுகைத் தன் பக்கம் திருப்பி எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்:

"அவருக்கு என்னம்மா பிடிக்கும்?"

வத்தக்குழம்பு என்று சொல்லலாம், அதைச் செதுக்க முடியுமா? ஒரு பெண் தன் வீட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் விழித்துக்கொண்டு நிற்கிறாள், அந்த வெட்கத்தை என்ன சொல்வது.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து இவர் பேசத் தொடங்கினார். இவர் அங்கே இருப்பது இன்னாசிமுத்துவுக்குத் தெரியவில்லை. குரலும் கேட்கவில்லை. எனக்கே, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பது மாதிரிக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. நான் இவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் இன்னாசிமுத்துவிடம் சொல்ல, அவர் செதுக்கினார். இப்படிப் பதினான்கு நாள்.

ஆவாரம்பூ வேண்டும் என்றார். தண்டவாள ஓரத்தில் அதுதான் பூக்குமாம். மணப்பாறைப் பக்கம் ஒரு லெவல் கிராசிங், அதில் கேட்கீப்பர் குடிசை, அதன் மேல் சாய்ந்த முருங்கை மரம். மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி ஒன்று, அதை இவர் லாந்தர் வெளிச்சத்தில் துடைத்துவிட்டாராம், எனக்கு இது புதுச் செய்தி. கல்யாணமான புதிதில் நான் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்தபோது காற்றில் பறந்த என் புடவைத் தலைப்பு. ஆளில்லாமல் தலைப்பு மட்டும் போதும் என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது, அதை இன்னாசிமுத்துவிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் தடுமாறினேன்.

கடைசியாக மேல் சட்டத்தின் நடுவில் ஒரு ரயில் கைகாட்டி. கை இறங்கியிருக்கணுமா, நேரா நீட்டியிருக்கணுமா என்று இன்னாசிமுத்து கேட்டார். இறங்கியிருந்தால் வண்டி போகலாம். நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், நீட்டியே இருக்கட்டும் என்று.

நாற்பத்தேழாம் நாள் மத்தியானம் சட்டம் திரும்பவும் கண்ணாடியில் ஏறியது. இந்தத் தடவை சிலிக்கான் ஓரத்தில் நூல் மாதிரி மட்டும். முன்பக்கம் வெறும் தட்டைப் பலகை, அதில் பூச்சுக்கூட இல்லை, நேரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, முன்னாடி இருந்ததே தேவலை என்றார்கள். இன்னாசிமுத்து சிரித்துக்கொண்டே கருவிகளைப் பையில் போட்டார். போகும்போது கண்ணாடியைப் பார்த்துக் கைகூப்பினார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. வென்டிலேட்டர் வழியாக விடியல் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்திருந்தது. நானும் இவரும் ஆறு மணிக்கே போய் நின்றோம். ஆறேகால் ஆயிற்று. ஆறு இருபது ஆயிற்று. கண்ணாடியில் நான் மட்டும், பக்கத்தில் காலி இடம். நான் இவர் கையைத் தேடினேன். பக்கத்தில்தான் நிற்கிறார் என்று தெரிந்தும் கையைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. பிடித்தபோது, கை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு லேசாக இருந்தது. நான் விடவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு உள்ளவர் வந்தார்.

சட்டத்துக்கு வெளியேயே நின்று பார்த்தார். கீழிருந்து தொடங்கினார். ஆவாரம்பூ, குடிசை, முருங்கை, ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டியிடம் ரொம்ப நேரம் நின்றார். அவர் பார்க்கப் பார்க்க அந்த வேலைப்பாட்டில் வெயில் ஏறிக்கொண்டே போனது. இந்தப் பக்கம் ஒரு கோடாக இருந்த வெளிச்சம் அந்தப் பக்கம் அறை முழுக்க வெயிலாக இருந்தது. நான் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். ஓரமாகத் தெரிந்த அந்த ஒரு நூல் அகலத்தில், பூ ஒவ்வொன்றும் அப்போதுதான் அவிழ்ந்தது மாதிரி மின்னியது. நான் பெரிய பெரிய கோயில்களெல்லாம் பார்த்திருக்கிறேன். அன்று எங்கள் குளியலறையில் நின்ற மாதிரி எங்கேயும் வாயடைத்து நின்றதில்லை. புடவைத் தலைப்பு வந்தபோது உள்ளவர் என்னுடையவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள், நான் திருப்பவில்லை.

கடைசியில் நிமிர்ந்து கைகாட்டியைப் பார்த்தார். கை நேராக நீட்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் ஆள், அதை மீறுவாரா? உள்ளே வந்து, என்னுடையவளுக்குப் பக்கத்தில், இவருக்கு நேர் எதிரே நின்றார். சவரக் கத்தியைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கம் இவரும் எடுத்தார். விட்ட இடத்திலிருந்து, இடது கன்னத்தைத் தொடங்கினார்கள்.

என் கைக்குள் இருந்த கை கனத்தது. பத்து நிமிஷத்தில் கீழேயிருந்து பால்காரர், "சார், இன்னைக்கு ஒரு லிட்டரா?" என்று கேட்டார். அன்று மத்தியானம் தட்டுகளை நான் முதலில் எடுத்து வைத்தேன், பிறகுதான் அரிசியே களைந்தேன்.

தை மாதம் பூனாவிலிருந்து மகள் குந்தவி கூப்பிட்டாள். இரண்டு மாதம் வந்து இருங்கள் என்றாள். டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டி கட்டியாயிற்று. கிளம்புகிற அன்று காலை இவர் சவரம் முடித்துவிட்டு, ஆவி படிந்த கண்ணாடியில், உள்ளவர்களுக்கு நேராகத் தெரியும்படி எழுத்துகளைத் திருப்பி, 'போய் வருகிறோம்' என்று எழுதினார். உள்ளவரின் விரல் அதே எழுத்துகளின் மேலேயே போயிற்று. நான் குளித்து முடித்துத் திரும்பினேன்.

குளியலறைக் கதவைச் சுற்றி ஒரு சட்டம் ஒட்டியிருந்தது.

முதலில் தலைப்பக்கத்தைத்தான் பார்த்தேன். மாலை ஆணி இல்லை. சுவரோடு ஒட்டி நேராக இருந்தது. பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். உள்ளே, எங்கள் பக்கம் முழுக்க வேலைப்பாடு. நான் வேலை பார்த்த காலத்தில் கலெக்டர் ஆபீசில் தட்டிய டைப்ரைட்டர், அதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிற 'ழ' சாவி உட்பட. கொத்தமல்லிக் கட்டு. சலூன் வாசலில் நான் கழற்றிப் போட்ட செருப்பு. நடுவில், கண்ணுக்கு நேராக, ஒரு மேஜையும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டுகளும். உச்சியில் ஒரு கைகாட்டி, கையை நேராக நீட்டிக்கொண்டு.

இவரைக் கூப்பிட்டேன். இவர் கூடத்துப் பக்கமாக வந்து பார்த்தார். அந்தப் பக்கம் பூச்சு இல்லாத வெறும் மரம், ரம்பக் கீறல், பென்சிலில் எங்கள் இரண்டு பேரின் உயரமும் அகலமும் என்றார். பிறகு குனிந்து உள்ளே வந்து, என் பக்கத்தில் நின்று, வேலைப்பாட்டைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாருக்கோ நாங்களும் உள்ளவர்கள்தான் போலிருக்கிறது, கைகாட்டியும் நிற்கச் சொல்கிறது. நான் பெட்டியைத் திறந்து புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். இவர் மகளுக்குப் போன் போட்டு, எங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், வர முடியாது என்றார்.

"பூவேலை எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டாள்.

"எங்க பக்கம்" என்றார்.

"அப்போ இருங்க" என்றாள்.